வீட்டு ஆளுக்கு எதற்கு அழைப்பு?

பதினோராம் அத்தியாயம்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் ஏலத்தளத்துக்கு ஏற இரண்டே படிகள். கீழ்ப்படியருகே செருப்புகள் கிடக்கும். மேலே மீன் கிடக்கும். தெருவை மிதித்த செருப்பு, மனிதர் உண்ணும் பொருள் கொட்டப்படும் இடத்துக்கு வரக் கூடாது. இதை எழுதி வைத்தவர் எவருமில்லை. ஆயினும், படகுச் சொந்தக்காரர் முதல் கூடை தூக்குபவர் வரை மீறியவரும் எவருமில்லை. ஏலம் கூறும் உரிமை தந்தைக்குப் பின் புருஷோத்தமனுக்கு வந்தபோது, இவ்வழக்கத்தைக் காக்கும் பொறுப்பும் உடன் வந்தது.

இன்று காலை அந்தப் படியருகே அவருடைய அக்காள் அஞ்சலாட்சி நின்றாள், காலில் செருப்புடன்.

வலக்காலில் வெள்ளைக் கட்டு. அது எப்படி வந்ததென்று இக்கதையைத் தொடர்ந்து படித்து வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போன மாதம் கெளுத்தி முள் ஒன்று அவள் காலில் ஏறியது. ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை நோய் அந்தப் பாதத்தின் உணர்ச்சியை அரித்து முடித்திருந்தது. வீட்டில் வீசும் நாற்றம் மீன்கூடையினுடையதன்று என்று புருஷோத்தமனின் மருமகள் ஹேமலதா கண்டுபிடித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். சுண்டுவிரல் போயிற்று. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் பாதமே போகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எனவே வெறுங்காலுடன் அவள் ஏறக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. செருப்புடன் ஏறக் கூடாது என்பது தம்பியின் கட்டளை. அஞ்சலாட்சி பிழைப்பதோ மீன் வாங்கி விற்று.

“சங்கரா மீனு, ஒரு குவியல்! கேளுங்க, கேளுங்க!” புருஷோத்தமனின் குரல் கூரையில் மோதித் திரும்பியது.

மேலே, தனக்கொடி குனிந்து ஒரு மீனின் செவுளை விரலால் நெம்பிப் பார்த்தாள். அஞ்சலாட்சியும் செவுள் பாராமல் மீன் வாங்கியவள் அல்லள். இன்று கழுத்தை நீட்டி, எட்டி நின்று, கண்ணுக்குத் தெரிந்த மேல் வரிசையை மட்டும் நம்பி விலை கேட்டாள். குவியல் அவளுக்கே விழுந்தது. கூடையில் அள்ளிக் கீழே கொண்டுவந்து வைத்தபோது, அடியில் கிடந்த மீனெல்லாம் அமுங்கிக் குழைந்திருந்தது.

“பொத பொதன்னு கெடக்குதே! இத நான் எவ தலையில கட்டுறது?”

“மேல வந்து பாத்திருக்கணும்க்கா,” என்றாள் தனக்கொடி.

“எப்படி வர்றது? உன் தோள் மேல குந்திகினா?”

பெண்கள் சிரித்தார்கள். அடுத்து வஞ்சிரம் கொட்டப்பட்டது. அஞ்சலாட்சி இடக்காற் செருப்பை உதறினாள். வலக்காற் செருப்பின் வாரில் கை வைத்தாள்.

“அக்கா! செருப்பக் கழட்டாத!”

“அப்ப செருப்போட ஏறட்டா?”

புருஷோத்தமன் கையை ஆட்டி மறுத்தார்.

“அதுவும் கூடாது, இதுவும் கூடாதுன்னா நான் எங்கடா நிக்கறது?”

“நீ வீட்டுக்குப் போக்கா.”

“வீட்ல யாரு மீன் வாங்குறாங்க?”

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. உதறிய செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, குழைந்த சங்கராவைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் போனாள். ஏலக்காரன் வீட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று நாளை யாரும் பேசிவிடக் கூடாது. புருஷோத்தமன் நினைத்தது அதைத்தான். நினைத்தது சரியா என்று யோசிப்பதற்குள், வஞ்சிரம் இரண்டு தரம் சொல்லி முடிந்திருந்தது.

*

ஏலம் முடிந்ததும் தேநீர்க் கடையில் தனிஸ்லாஸ் பிடித்துக்கொண்டார். துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி வழங்குபவர். பாட்டனார் காலத்துப் பிரெஞ்சுச் சொல் ஒன்றிரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிபவர்.

“இன்னா முசியே, சாயந்தரம் கூட்டத்துல நீங்கதான் தலைமையா?”

“டாக்டரம்மா தலைமைன்னு கேள்வி.”

“கேள்வியா? உங்க வீட்டு மருமக நடத்துற கூட்டம், உங்களுக்குக் கேள்வியா?”

கூட்டத்தின் கதை இது. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களை எவ்வாறு பேண வேண்டும் என்று ஒரு வழிகாட்டு நெறிமுறை, ஹேமலதா செவிலியராக வேலை பார்க்கும் முதலியார்பேட்டைச் சுகாதார நிலையத்துக்கு வந்தது. வெறுங்காலுடன் நடக்கலாகாது என்பது அதில் தலையாய விதி. முதலில் ஏலத்தளத்துச் சுவரில் சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் ஓர் ஆண், காலுறையும் தோற்சப்பாத்தும் அணிந்து புல்வெளியில் உலாவிக்கொண்டிருந்தார்! மீன் கழுவிய நீரில் கணுக்கால் வரை நனைந்து நிற்பவர்கள் அந்த மனிதரைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ள வேண்டுமோ, ஒட்டியவர்களுக்கே வெளிச்சம். அடுத்து இலவசச் செருப்பு வழங்கினார்கள். அவை படிக்குக் கீழே வரிசையாகக் கிடந்து வெயில் காய்ந்தன.

மருத்துவர் அகஸ்டினா அதன் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். இனி நாமாக எதையும் கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம். அந்தத் தளத்தில் நிற்பவர்கள், தூக்குபவர்கள், வாங்குபவர்கள், கழுவுபவர்கள் எல்லாரையும் உட்கார வைத்து, இந்த விதியை இங்கே எப்படி நடத்திக் காட்டுவது என்று அவர்களையே கேட்போம் என்றார். அழைக்கும் பொறுப்பு ஹேமலதாவுக்கு. “வாட்ஸப்புல போட்டா ஒருத்தியும் வர மாட்டா. தட்டுல வெத்தல பாக்கு, பழம் வெச்சி வாசப்படி ஏறிக் கூப்புடு,” என்று சொல்லிக் கொடுத்தவள் அஞ்சலாட்சி. துறைமுகத்தில் பொதுக்காரியத்துக்கு அழைக்கும் முறை அது. ஹேமலதாவும் வேலை முடித்து வந்த கையோடு, மாலைதோறும் தட்டும் கையுமாகப் புறப்பட்டாள். புருஷோத்தமனின் சாய்வு நாற்காலியைத் தாண்டித்தான் அந்தத் தட்டு ஒவ்வொரு நாளும் வாசலுக்குப் போயிற்று.

“எனக்குப் பூவம்பழம் வெச்சாங்க,” என்றார் தனிஸ்லாஸ். “நல்லாக் கனிஞ்ச பழம். உங்களுக்கு இன்னா பழம்?”

“எனக்கு எதுக்கு? நான் வீட்டு ஆளு.”

“அதுவும் சரிதான்,” என்று தனிஸ்லாஸ் மீசையைத் தடவிக்கொண்டார். தடவிய விதம் புருஷோத்தமனுக்குப் பிடிக்கவில்லை. பாதித் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தார்.

*

பிற்பகலில் வீட்டுக் குழாயடியில் கால் கழுவியபோது தண்ணீர் சற்றே சிவந்து ஓடியது. மீன் இரத்தம். ஒரு செம்பு நீர் கூடுதலாக ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளே போனார். சர்க்கரைக்கான மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். அக்காளுக்கு இருப்பது சர்க்கரை நோய். தமக்கு இருப்பது கொஞ்சம் சர்க்கரை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி. பாதத்தை ஒரு முறை பரிசோதித்துவிடலாம் என்று ஹேமலதா கேட்ட போதெல்லாம், “ஏலம் வுடுறது வாயி, காலு இல்ல,” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஹேமலதா புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமா, சோறு மூடி வெச்சிருக்கேன். கொழம்பு மட்டும் சூடு பண்ணிக்குங்க. நான் கூட்டத்துக்குப் போறேன்.”

“ம்.”

“அஞ்சலாட்சி அத்தை முன்னாடியே போயிட்டாங்க. அவரும் தட்டாஞ்சாவடியிலேருந்து நேரா வந்துடுவாரு.” அவர் என்றது கணவன் விஜயை, புருஷோத்தமனின் ஒரே மகன், ரப்பர்ப் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளன். “நீங்களும் வந்துருவீங்கல்ல?”

“பாக்கலாம்.”

இரு சக்கர வண்டி தெருமுனை திரும்பும் ஓசை கேட்டது. புருஷோத்தமன் சாப்பிட்டார். வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டினார். அவிழ்த்துவிட்டுக் கைலியைக் கட்டினார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூடை தூக்கும் கொளஞ்சிக்கு வெற்றிலை வைத்தாள். தளம் கழுவும் பெண்களுக்கு வைத்தாள். ஐஸ்காரனுக்குக் கனிந்த பழம் வைத்தாள். தளத்துக்கே உரியவனைப் பார்த்துக் குழம்பைச் சூடுபண்ணிக்கொள் என்றாள்.

வெயில் தாழ்ந்தபோது தொலைபேசி ஒலித்தது. விஜய்.

“அப்பா, எங்க இருக்கீங்க? எல்லாரும் உங்களத்தான் பாத்துகினு இருக்காங்க.”

“எதுக்கு?”

“ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேன்றாங்கப்பா. டாக்டர் இன்னா கேட்டாலும், ஏலக்காரர் வரட்டும், ஏலக்காரர் வரட்டும்ன்றாங்க. டீ ரெண்டு தடவ குடுத்தாச்சு.”

“என்ன யாரும் கூப்புடலியே.”



“அப்பா… இதுக்கா?”

“இதுக்குத்தான்.” தொலைபேசியை வைத்தார்.

வைத்த பிறகு அவருக்கு அமைதி வரவில்லை. அக்காளும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். குழைந்த சங்கராவை விற்றாளோ, கொட்டினாளோ. தாம் போகாவிட்டால் கூட்டம் கலையும். கூட்டம் கலைந்தால் நாளையும் அவள் படிக்குக் கீழே நிற்பாள். இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் அவர் குனிந்திருக்கும் வேளையில் வாரைக் கழற்றிவிட்டு ஏறுவாள். இரண்டையும் அவரால் தாங்க முடியாது. ஆனால் அழையாத இடத்துக்குப் போவது எப்படி?

வாசலில் வண்டி வந்து நின்றது. ஹேமலதாவின் கையில் தட்டு. கடைவீதியில் அவசரமாக வாங்கியிருக்க வேண்டும்; வெற்றிலையில் இன்னும் நீர் சொட்டியது. முகம் கடுகடுவென்றிருந்தது.

“வீட்ல இருக்கறவங்கள யாராவது வெத்தல வெச்சிக் கூப்புடுவாங்களா மாமா?”

“வீட்ல நான் உனக்கு மாமா. அந்தத் தளத்துல நான் யாரு?”

அவள் தட்டைக் கை மாற்றிப் பிடித்தாள்.

“கேக்குறேன், சொல்லு. உங்க ஆஸ்பத்திரியில ஒரு வேல நடக்குது. நீ அங்க நர்சு. டாக்டரம்மா தெருவுல போறவங்களையெல்லாம் கூப்புட்டுப் பேசிட்டு, ஹேமாதான, நம்ம பொண்ணுதான, அதுக்குத் தெரியாதான்னு வுட்டுட்டா உனக்கு எப்படி இருக்கும்?”

ஹேமலதா தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கடுகடுப்பு இறங்கியது, குறும்பு முழுவதும் இறங்கவில்லை.

“தப்புதான் மாமா. எல்லார் வீட்டு வாசலும் தெரிஞ்சுது, நம்ம வீட்டு வாசல் தெரியல.” வாசலுக்கு வெளியே போய் நின்று, மீண்டும் உள்ளே வந்தாள். “தேங்காய்த்திட்டு ஏலத்தளத்துக்காரர் வீட்ல இருக்காருங்களா? கூட்டத்துக்கு அழைக்க வந்திருக்கேன். எடுத்துக்கறீங்களா, இல்ல வெத்தல வாடட்டுமா?”

புருஷோத்தமன் எழுந்து, தோளில் துண்டைப் போட்டு, இரு கைகளாலும் தட்டை வாங்கினார். பழத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“பச்சப் பழம்.”

“கனிஞ்சது எல்லாம் ஐஸ்காரருக்குப் போயிடுச்சு,” என்றாள் மருமகள்.

*

துறைமுகத்தை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் அவர் நுழைந்ததும் பேச்சொலி அடங்கியது. முதல் வரிசையில் அஞ்சலாட்சி. கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்திருந்தாள். அவள் தம்பியைப் பார்க்கவில்லை.

“வாங்கய்யா,” என்று எழுந்தார் மருத்துவர் அகஸ்டினா. “நீங்க இல்லாம எங்களால போஸ்டர்தான் ஒட்ட முடியும். அத ஏற்கெனவே ஒட்டிப் பாத்துட்டோம்.”

கூட்டம் சிரித்தது. புருஷோத்தமன் சிரிக்கவில்லை. நின்றபடியே பேசினார்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்குறேன். உங்க ஆப்பரேஷன் பண்ற ரூமுக்குள்ள நான் இந்தச் செருப்போட வரலாமா?”

“வரக் கூடாது.”

“அப்ப எங்க எடத்துக்கு மட்டும் ஏன் வரணும்?”

கைதட்டல் எழுந்தது. தனிஸ்லாஸ் விசிலே அடித்தார். மருத்துவர் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார்.

“நியாயமான கேள்வி. ஆனா நாங்க வெறுங்காலோடயும் போறதில்லையே. உள்ளயே செருப்பு இருக்கும். அதப் போட்டுக்குவோம். அது வெளிய வராது, வெளிச்செருப்பு உள்ள போகாது. இங்க அது சரிப்படுமா, படாதான்னு எனக்குத் தெரியாது. அதக் கேக்கத்தான் வந்தேன்.”

அடைத்திருந்தது உடைந்ததுபோல் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

“ஈரத்துல ரப்பரு வழுக்கும்மா,” என்றான் கொளஞ்சி. “கூடையோட நான் வுழுந்தா காலு இல்ல, இடுப்பே போயிடும்.”

விஜய் தன் பையிலிருந்து ஒரு சோடிச் செருப்பை எடுத்து வைத்தான். பட்டறையில் மாதிரிக்குச் செய்தது. அடியில் ஆழமான வரிகள். கொளஞ்சி தரையில் தண்ணீரை ஊற்றி, அதை மாட்டிக்கொண்டு, ஆடு துள்ளுவதுபோல் இரண்டு முறை துள்ளிப் பார்த்தான்.

“நிக்குது. ஆனா பின்னாடி வார் வைப்பா. இல்லன்னா சேத்துல மாட்டிக்கினு காலு மட்டும் வரும்.”

“பொம்பளைங்களுக்கு வேற அளவு வேணும்,” என்றாள் தனக்கொடி. “போன தடவ குடுத்த செருப்புல என் ரெண்டு காலும் ஒண்ணாப் போவுது.”

“அத யாரு கழுவுறது?” என்று தளம் கழுவும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் சண்டைக்கு வந்தது. அவரவர் செருப்பை அவரவரே கழுவ வேண்டும் என்று தீர்ந்தது. கழுவத் தொட்டி வைத்தால் தண்ணீர் தருவதாகத் தனிஸ்லாஸ் எழுந்து அறிவித்தார். அறிவித்துவிட்டு எல்லாரும் கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

இவ்வளவும் புருஷோத்தமன் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தால் முடிந்தது. தந்தை காத்த வழக்கம், ஒரு மாலைப்பொழுதில், ஒரு சோடி ரப்பருக்காகப் போவதா?

“எல்லாஞ் சரி,” என்றார். “ஆனா இவ்ளோ நாளா இல்லாத ஆபத்து இப்ப எங்கேருந்து வந்துது? பாத்து நடந்தா முள்ளு ஏறாது. ஏறினாலும், கெளுத்தி முள்ளு குத்துறது ஒருத்தருக்குத் தெரியாமப் போவுமா?”

“எனக்குத் தெரியலடா,” என்றாள் அஞ்சலாட்சி.

“நீ கவனிச்சிருக்க மாட்ட.”

“நான் மீன் விக்கறவடா. முள்ளு குத்துறது எனக்குத் தெரியாதுன்னு சொல்றதுக்கு எனக்கே வெக்கமா இருக்குது. நீ வேற ஏன் சொல்ல வைக்கற?”

புருஷோத்தமனுக்கு முகம் சுட்டது. தவறாகப் பேசிவிட்டோம் என்று தெரிந்தது. பின்வாங்கவோ வழியில்லை.

“எனக்கும் சர்க்கரதான் இருக்குது,” என்றார் உரத்து. “இதே தளத்துலதான் நானும் நிக்கறேன். உங்க தங்கூசி நூல எடுத்துகினு வந்து என் காலத் தொட்டுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சுதுன்னா இந்தப் பேச்ச இதோட வுட்டுடணும். செருப்பு படிக்குக் கீழதான்.”

“தெரியலன்னா?” என்றாள் அஞ்சலாட்சி.

“தெரியலன்னா, மொதல்ல அந்தச் செருப்பப் போட்டுகினு ஏறுற ஆளு நான்தான்.”

மூன்றாம் தரம் சொல்லிய பிறகு அவர் சொல் மாறியதில்லை. துறைமுகத்தில் அனைவருக்கும் அது தெரியும்.

நாற்காலி போட்டார்கள். முக்காலி ஒன்றின்மேல் அவர் காலைத் தூக்கி வைத்தார். ஹேமலதா சிறு பெட்டியைத் திறந்து, பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்தாள். வலை பின்னும் தங்கூசியே போன்ற இழை. நுனி பாதத்தில் பட்டு வளையும்வரை அழுத்த வேண்டும், பட்டது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

“கண்ண மூடிக்குங்க மாமா. தொட்டா, தொடுதுன்னு சொல்லுங்க.”

கண்ணை மூடினார். மின்விசிறி இரைந்தது. ஏதோ படகின் இயந்திரம் இருமி அணைந்தது. பின்னால் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது, தாய் அதட்டினாள். ‘தொடுது’ என்பதை எந்தக் குரலில் சொல்வது என்று அவர் எண்ணிப் பார்த்தார். ஏலக்குரலில் சொல்லக் கூடாது, அக்காளுக்கு வலிக்கும். சாதாரணமாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு அவளுக்கென்று வேறு வழி ஏதாவது பார்க்கலாம்.

காத்திருந்தார். மருமகளுக்குக் கூட்டத்தில் கை நடுங்குகிறது போலும்.

“ஆரம்பிம்மா,” என்றார் இதமாக.

விடை வரவில்லை.

“ஹேமா, எல்லாரும் காத்துகினு இருக்காங்க.”

குழந்தைகூடப் பேசவில்லை.

“கண்ணத் தொறடா,” என்றாள் அஞ்சலாட்சி.

திறந்தார். வேலை முடிந்து நைலான் இழை பெட்டிக்குள் திரும்பியிருந்தது. மருத்துவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனிஸ்லாஸின் கை மீசையில் பாதி வழியில் நின்றிருந்தது. அக்காளின் முகத்தில் வென்ற களிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தார், அது இல்லை. அவள் தன் நல்ல காலால், விஜய் கொண்டுவந்த செருப்புச் சோடியை மெல்லத் தம்பி பக்கம் தள்ளினாள்.

“அளவு பாரு தம்பி.”

சொன்ன சொல். புருஷோத்தமன் காலை முக்காலியிலிருந்து இறக்கப் போனார். இறங்கவில்லை. கணுக்காலை ஹேமலதா பற்றியிருந்தாள். அந்தப் பிடி மட்டும் அவருக்குத் தெரிந்தது. அவள் தலை குனிந்து, அவர் குதிகாலின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் இருங்க மாமா. கால எறக்காதீங்க.” குரல் மிகவும் தணிந்திருந்தது. “இந்த முள்ளு எப்ப குத்துனது?”